மூலை மரத்தை அளக்க வந்தவர்

அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயத்தில்தான் அந்த மனிதர் எங்கள் மரத்தைப் பார்க்க வந்தார். அதனால் அவர் மரத்தைத்தான் பார்க்க வந்தார் என்பதை எங்கள் இரண்டு வீட்டிலும் ஒருவரும் நம்பவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்கிற கம்பெனிகள் வரிசையாக இருக்கும் பகுதியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் இடம் இருந்தது. தாத்தா காலத்தில் ஒரே கொட்டகை. அவர் போன பிறகு நடுவில் கம்பி வேலி வந்து இரண்டு கொட்டகை ஆகிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் அப்பா பொம்மை உண்டியல் செய்தார். கிளி, யானை, பூனை, கிறிஸ்துமஸ் நெருங்கினால் குடிலில் வைக்கிற ஆடுகளும் இடையர்களும். அந்தப் பக்கம் பெரியப்பா கரண்ட் பெட்டிக்குள் மாட்டுகிற பீஸ் கட்டை செய்தார். இரண்டு பேர் வீடும் கொட்டகையை ஒட்டியே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலுக்கு ஒரே பூசைக்குத்தான் போனோம். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் கட்டம் வந்தால் அப்பா முன் வரிசைக்குக் கும்பிடு போடுவார், பெரியப்பா பின் வரிசைக்குக் கும்பிடு போடுவார். நடுவில் இருந்த வரிசைக்கு மட்டும் சமாதானம் வந்து சேரவேயில்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு கல். எங்கள் இடத்தின் தெற்கு மூலையில், வேலி போய் முடிகிற இடத்தில், அளவுக்கல் ஒன்று நட்டிருந்தார்களாம். ஒரு நாள் அது காணாமல் போய்விட்டது. அண்ணன் பிடுங்கிப் போட்டார் என்று அப்பா சொன்னார். தம்பி பிடுங்கிப் போட்டான் என்று பெரியப்பா சொன்னார். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் மூலை மரம் நின்றது. கல் போனதும் மரம் யாருடையது என்பதும் தெரியாமல் போய்விட்டது.

மரத்தின்மேல் இரண்டு பேருக்குமே ஆசை கிடையாது. தாத்தா இடம் வாங்கும்போதே அங்கே நின்ற மரம் அது. யாரும் நட்டதில்லை. தடித்த, கருத்த இலைகள். ஆடு வாய் வைக்காது. மாசி கடைசியில் பொடிப்பொடியாகப் பூக்கும். அது காய்த்து ஒருவரும் பார்த்ததில்லை. பெயர் என்னவென்றும் யாருக்கும் தெரியாது, மூலையில் நின்றதால் மூலை மரம். இரண்டு கொட்டகையிலும் வேலை செய்த பெண்கள் மத்தியானம் அதன் அடியில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவார்கள். அதைத் தவிர அதற்கு வேறு உபயோகம் இல்லை. ஆனால் அது நின்ற தரை இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது. பச்சைப் பொம்மைகளைக் காயவைக்க அங்கே ஷீட் போட வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. லாரி உள்ளே வர அங்கே வழி விட வேண்டும் என்பது பெரியப்பாவின் கணக்கு.

அது ஒரு சனிக்கிழமை காலை. எனக்குப் பத்து வயது. தவக்காலம் தொடங்கியிருந்தது, வீட்டில் கறி எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு உள்ளே வந்து, கிளி உண்டியலுக்கு மூக்கு சரி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"என்னாங்க, மூலை மரத்தாண்ட ஒரு ஆளு டேப்பு வச்சி அளந்துகினு இருக்காருங்க."

அப்பா கிளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அளப்பது என்ற சொல்லைக் கேட்டால் அந்த இரண்டு வருஷமாக அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. நானும் பின்னால் ஓடினேன்.

தொப்பி போட்ட ஒல்லியான மனிதர். ஐம்பது வயதிருக்கும். தையல்காரர் நாடாவை மரத்தைச் சுற்றிப் போட்டுப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ரோட்டோரம் பழைய பைக் ஒன்று நின்றது. அதில் பாண்டிச்சேரி நம்பர். வண்டியின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய பைகள். பாண்டிச்சேரி நம்பர் வண்டியில் பெரிய பை தொங்கினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், சாராயம்.

"யாருங்க நீங்க?" என்றார் அப்பா.

"மரம் பாக்க வந்தேங்க."

"எந்த ஆபீஸு?"

"ஆபீஸெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நானாத்தான் பாக்குறேன். இந்த மாதிரி மரம்லாம் இப்ப எங்கயும் இல்ல. பஸ்ஸுல போவும்போது ஜன்னல்ல பாத்தேன். அதான் திரும்பி வந்தேன்."

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். சம்பளம் இல்லாமல், யாரும் அனுப்பாமல், பஸ் ஜன்னலில் பார்த்த மரத்துக்காகப் பாண்டிச்சேரியிலிருந்து பைக் எடுத்துக்கொண்டு வருகிற ஆளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அந்த மனிதர் சிரித்த முகமாக அடுத்த கேள்வியைக் கேட்டார். கேட்கக் கூடாத கேள்வி அது ஒன்றுதான்.

"இது யாரு மரங்க?"

"எங்க மரம்" என்றார் அப்பா.

"எங்க மரம்" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரு குரல் வந்தது. பெரியப்பா தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, இரண்டு பேருமே தொப்பிக்காரரைத்தான் பார்த்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் சொந்தம்னா இன்னும் நல்லதுங்க" என்று அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. சோறு போடும்போது அப்பா அம்மாவிடம் தீர்ப்பு சொன்னார். ஆள் வக்கீலிடமிருந்து வந்திருக்கிறான். பெரியப்பா ஏற்பாடு. மரம் ரெண்டு பேருக்கும் சொந்தம் என்று அப்பாவின் வாயாலேயே வரவழைக்கப் பார்க்கிறான். அம்மாவுக்கு வண்டியில் இருந்த பைகள்மேல்தான் கண். வேலைக்கு வந்த பெண்கள், நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதற்கு முன்னால் இப்படித்தான் ஒருத்தர் வந்து மரத்தையெல்லாம் எண்ணிவிட்டுப் போவார் என்று பேசிக்கொண்டார்கள். மரத்தைப் பார்க்க வந்திருக்கலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கும் அப்படித் தோன்றவில்லை.

அடுத்த வாரமும் அவர் வந்தார். பந்தல் போடுகிறவரிடம் ஏணி இரவல் வாங்கிக்கொண்டு வந்து மரத்தில் சாய்த்தார். அப்பா என்னைக் கூப்பிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு மரத்தடியில் போய் வீட்டுப்பாடம் எழுதச் சொன்னார். காது மட்டும் அவர் பக்கம் இருக்க வேண்டும். சின்னப் பெண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது அப்பாவின் எண்ணம். நான் போனபோது மரத்துக்கு அந்தப் பக்கம், வேலிக்கு அப்பால், பெரியப்பா மகள் ஏற்கெனவே நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். நான் அக்கா என்று கூப்பிட வேண்டியவள். இரண்டு வருஷமாக ஒரே ஸ்கூல் வேனில் போய் வந்தும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அன்றைக்கும் பேசாமல், மரத்தின் இரண்டு பக்கமும் முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் ஒரே பெருக்கல் கணக்கை எழுதினோம்.

அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை. என்ன கேட்டாலும் சொன்னார். அதுதான் எங்களுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

"இது பொம்பள மரம் பாப்பா. பூக்கும், காய்க்காது. ஆம்பள மரம் பக்கத்துல இருந்தாத்தான் காய் புடிக்கும். மரக்காணத்துப் பக்கம் ஒரு கோயில் காட்டுல ஆம்பள மரம் ஒண்ணு நிக்கிது. அதோட பூவ எடுத்தாந்து இதுல தடவப் போறேன். காய் புடிச்சா கொட்ட கிடைக்கும். கொட்ட கிடைச்சா கன்னு போடலாம். இல்லன்னா இது போனா போனதுதான்."

நான் போய் அப்படியே ஒப்பித்தேன். அப்பா முகம் சிவந்துவிட்டது.

"பொம்பளப் புள்ளகிட்ட பேசுற பேச்சா இது" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கமும் யாரோ இதையே சொல்வது கேட்டது.

அதற்குப் பிறகுதான் பைகள் வந்தன. கொசுவலை மாதிரி மெல்லிய வெள்ளைத் துணியில் தைத்த சின்னச் சின்னப் பைகள். பூ இருந்த கிளைகளில் அவற்றை மாட்டி, வாயைச் சிவப்பு நூலால் கட்டி, ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய சீட்டைத் தொங்கவிட்டார். பிறகு ஒரு நாள் வந்து ஒவ்வொரு பையாக அவிழ்த்து, எங்கள் கொட்டகைப் பெண்கள் கிளிக்குக் கண் வரைகிற மாதிரி ஒரு தூரிகையால் உள்ளே எதையோ தடவி, மறுபடி கட்டினார். மொத்தம் முப்பத்தொரு பை. எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன்.

வெள்ளைத் துணி, சிவப்பு நூல், எழுதிய சீட்டு. அம்மா பின்பக்க வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், செய்வினை கிய்வினையெல்லாம் நம்பக் கூடாது என்று எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, மாதா கெபியிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு போய் வேலி நெடுகத் தெளித்தாள். மறுநாள் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம், மரத்துக்கு நேராக, பெரியம்மா ஒரு சிலுவையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதன் முகம் எங்கள் வீட்டைப் பார்த்து இருந்தது.

அந்த வாரம் அப்பாவின் சூளையில் வெந்த உண்டியல்களில் பாதிக்குமேல் விரிசல் விட்டன. மண்ணில் கோளாறு என்று வேலைக்காரப் பெண் ஒருத்தி சொன்னாள். அம்மா ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தாள். அதே வாரம் பெரியப்பாவின் மோட்டார் காயில் போய்விட்டது. அது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் சிலுவைப் பாதைக்குக் கிளம்பினார்கள். அம்மா என்னை மட்டும் வயிற்றுவலி என்று நிறுத்திவிட்டு, கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தாள்.

"பெரியவங்க யாராவது ஏறுனா சண்டையாயிடும். நீ ஏறி எல்லாத்தையும் எடுத்துடு. கையால அவுக்காத, கிளையோட நறுக்கு. எடுத்ததக் கழிவு மண்ணு குழியில போட்டுட்டு கால் கழுவிட்டு வூட்டுக்குள்ள வா."

ஏணி மரத்தில்தான் சாய்ந்திருந்தது. பாதி ஏறி, முதல் பையை நறுக்கும்போது உள்ளே பார்த்தேன். பூ காய்ந்து போயிருந்தது. அதன் நடுவில் மிளகைவிடச் சின்னதாகப் பச்சையாக ஒரு மணி. அது என்னவென்று எனக்குத் தெரியும். ஆனாலும் நறுக்கினேன். நாலைந்து பை எடுத்த பிறகு மேலே கிளை ஆடியது. நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பக்கத்துக் கிளையில் பெரியப்பா மகள் உட்கார்ந்திருந்தாள். கையில் அரிவாள்மணையிலிருந்து கழற்றிய மாதிரி ஒரு கத்தி. பாவாடை மடியில் வெள்ளைப் பைகள்.

அவள் பைகளோடு மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கம்மா சொன்னாங்களா?" என்றாள்.

"ம். உங்கம்மா?"

"ம்."

"நீங்கதான அவர வரச் சொன்னீங்க" என்றேன்.

"நாங்களா? நீங்கதான்னு எங்க வூட்டுல சொல்றாங்க."

"நாங்க இல்லக்கா."

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவளை அக்கா என்று சொன்னேன். அவள் மடியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். அப்போதே இறங்கியிருக்கலாம். ஆனால் சொன்ன வேலையைச் செய்யாமல் போனால் வீட்டில் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு எட்டாததை அவள் நறுக்கினாள், அவளுக்கு எட்டாததை நான் நறுக்கினேன். சேர்ந்து செய்ததால் சீக்கிரம் முடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு அன்று சந்தோஷமாகவே இருந்தது. முப்பத்தொரு பையையும் குழியில் போட்டுக் குச்சியால் அமுக்கினோம். வெள்ளைச் சேற்றில் வெள்ளைப் பைகள் சத்தமில்லாமல் உள்ளே போயின.

மரத்தில் பேசிக்கொண்டதை இரண்டு பேருமே வீட்டில் போய்ச் சொல்லிவிட்டோம். அதிலிருந்துதான் எல்லாம் மாறியது. சனிக்கிழமை காலை பெரியப்பா வேலியைச் சுற்றிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வந்தார். அப்பா எழுந்து நின்றார். நாற்காலி இருந்தும் இரண்டு பேரும் உட்காரவில்லை.

"தம்பி, அந்த ஆள நான் கூட்டாரலடா" என்றார் பெரியப்பா.

"நானும் இல்லண்ணே."

"அப்ப அவன் தனியா வந்திருக்கான்."

தனியாக வந்திருக்கிறான் என்றால் அது இன்னும் மோசம். அண்ணன் அனுப்பிய ஆள் என்றால் அண்ணனோடு போய்விடும். யாரும் அனுப்பாத ஆள் கவர்மெண்ட் ஆளாகத்தான் இருக்க வேண்டும். நோட்டில் எழுதுகிறான், போட்டோ எடுக்கிறான், நம்பர் போடுகிறான். நாளைக்கு இது அபூர்வ மரம், இதைத் தொடக் கூடாது, சுற்றிலும் ஒரு செங்கல் வைக்கக் கூடாது என்று ஒரு போர்டு வந்து நின்றால் ஷீட்டும் கிடையாது, லாரி வழியும் கிடையாது. இடத்தையே எடுத்துக்கொண்டாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. பேசப் பேச இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். பெரியப்பா எங்கள் வீட்டு டீயைக் குடித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டீ தீர்வதற்குள் முடிவாகிவிட்டது. மரத்தை எடுத்துவிட வேண்டியது. தரையை ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்ள வேண்டியது. மங்கலம்பேட்டையில் மரம் அறுக்கிற ஒருவருக்குப் பெரியப்பாவே போன் போட்டார். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்.

அன்று முழுக்க நானும் அக்காவும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தோம். இதெல்லாம் நாங்கள் மரத்தில் ஏறியதால் நடந்தது என்று எங்களுக்குப் பெருமை. அப்பாவும் பெரியப்பாவும் சுண்ணாம்புக்கட்டியால் அடிமரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார்கள். ஆளுக்குப் பாதிக் கோடு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது அந்த மனிதர் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். மேலே ஒரு பைகூட இல்லை. கீழே நறுக்கிய காம்புகள் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். அதை விரலால் தொட்டுக்கொண்டே மரத்தை ஒரு சுற்று வந்தார். அதற்குள் அப்பாவும் பெரியப்பாவும் வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

"மரத்த எடுக்கப் போறீங்களாங்க?"

"எங்க எடம்" என்றார் அப்பா.

"நீங்க நல்லவராவே இருங்க" என்றார் பெரியப்பா. "ஆனா நாளைக்கி உங்க பேப்பர வச்சிகினு எவனாவது வந்து, மரத்தத் தொடாத, எடத்தத் தொடாதன்னா நாங்க எங்க போறது? ரெண்டு குடும்பம் இந்த எடத்த நம்பித்தான் இருக்குது. இங்க வேல செய்யிற பொம்பளைங்க எட்டுப் பேரு இருக்காங்க."

அவர் சண்டை போடுவார், கெஞ்சுவார், யாருக்காவது போன் போடுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் தாழ்ந்த கிளை ஒன்றிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது. துப்பினார். இன்னொரு இலையை எடுத்து மென்றார். அதையும் துப்பினார்.

"அடடா, தப்பாப் போச்சிங்க" என்றார்.

"என்னா தப்பு?" என்றார் அப்பா.

"நான் தேடுற மரத்து எல கசக்கணுங்க. நல்லா கசக்கணும். இதுல கசப்பே இல்ல. மொதநாளே மென்னு பாத்திருக்கணும். ஆள் மாதிரியே இருக்குது, ஆனா ஆள் இது இல்ல. இது சும்மா காட்டு மரம். எங்க வேணா கிடக்கும்."

அவர் நோட்டை எடுத்து, எங்கள் மரத்தைப் பற்றி எழுதியிருந்த பக்கங்களைக் கிழித்து, நாலாக மடித்து அப்பா கையில் கொடுத்தார்.

"இத நீங்களே வச்சிக்கிங்க. எனக்கு இனிமே இங்க வேல இல்ல. வெட்டுறதுன்னா வெட்டுங்க. வெறகுக்குக்கூட ஆவாது, பொகையா வரும். நெழலு மட்டும் நல்லாருக்குது. உங்க பொம்பளைங்க பாவம், வெயிலுக்கு உக்காந்துகினு இருந்தாங்க."

அவர் பைக்கை நோக்கி நடக்க ஆரம்பித்ததும் பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவரைப் பார்த்து அப்பாவும் சிரித்தார். ஒரு மாசமாகப் பாண்டிச்சேரியிலிருந்து வந்து வந்து, ஏணி போட்டு ஏறி, ஊர்ப்பட்ட பையெல்லாம் கட்டிவிட்டு, இப்போது மரம் மாறிப்போச்சாம். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு வருஷத்துச் சிரிப்பும் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது. சாயங்காலமே பெரியப்பா மங்கலம்பேட்டைக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒன்றுக்கும் ஆகாத மரத்தை அவசரப்பட்டு வெட்டி என்ன ஆகப்போகிறது என்றார்கள். பிறகு வேலியையே எடுத்துவிட்டார்கள். ஷீட்டை வடக்குப் பக்கம் சேர்ந்தே போட்டுக்கொண்டார்கள். லாரி மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது.

அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரிவதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. பாண்டிச்சேரியில் படித்தபோது தோழி ஒருத்தியோடு ஊருக்கு வெளியே இருந்த ஒரு நாற்றுப்பண்ணைக்குப் போனேன். வரிசையாக வைத்திருந்த கன்றுகளில் ஒரு மூலையில் தடித்த, கருத்த இலையோடு ஏழெட்டுக் கன்றுகள் இருந்தன. நான் குனிந்து பார்ப்பதைப் பார்த்து, தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண் வந்து சொன்னாள்.

"அத மட்டும் விக்கிறதில்லம்மா. அது கிடைக்காத மரம். எங்க வயசான சார் எங்கேருந்தோ கொட்ட கொண்டாராரு. எடத்த மட்டும் எங்ககிட்டகூட சொல்ல மாட்டாரு. வருசத்துல ரெண்டே ரெண்டு நாளு தொப்பிய மாட்டிகினு பைக்குல கெளம்பிடுவாரு. பெரிய வெள்ளிக்கிழம அன்னிக்கி ஒரு தரம், வேளாங்கண்ணி கொடியேத்தத்துக்கு ஒரு தரம். இத்தினிக்கும் அவரு வேதக்காரர்கூட இல்ல. என்னா வேண்டுதலோ."

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்க நாங்கள் கோயிலில் இருப்போம். கொடியேற்றத்துக்கு இரண்டு குடும்பமும் வேன் வைத்துக்கொண்டு வேளாங்கண்ணி போய்விடுவோம். கொட்டகையும் வீடும் பூட்டிக் கிடக்கிற நாட்கள் வருஷத்தில் அவை இரண்டுதான். பூவைத் தடவ ஒன்று, கொட்டை எடுக்க ஒன்று. ஒரு மாதம் எங்களோடு பேசிக்கொண்டிருந்த மனிதருக்கு அதைத் தெரிந்துகொள்வது பெரிய காரியமாக இருந்திருக்காது. எதையோ மறைத்துக்கொண்டு எங்கள் இடத்துக்குள் வந்து போகிற ஆள் என்று அப்பா அவரைச் சந்தேகப்பட்டது கடைசியில் சரியாகத்தான் போயிற்று. அவர் உண்மையைச் சொன்ன நாளெல்லாம் நாங்கள் நம்பவில்லை. பொய் சொன்ன ஒரு நாள் நம்பினோம்.

இதை அப்பாவிடமும் பெரியப்பாவிடமும் நான் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் போனில் சொன்னேன். அவள் யாரிடமும் சொல்லிவிடாதே என்றாள். பண்ணையில் தெரிந்துகொண்ட மரத்தின் பெயரை நான் இங்கே எழுதாமல் விட்டதற்கும் அதுதான் காரணம். எனக்கும் ஆட்கள்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

ஆனால் கொஞ்சம் புத்தி இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரிந்திருக்கும். அப்பாவும் பெரியப்பாவும் தோளைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, கசப்பில்லாத இலை எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க நானும் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். நாக்கு சுருண்டுவிட்டது. வேப்பிலையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் தேடிய மரம் இதுதான், பாவம், அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டும். ரோட்டுக்கு ஓடினேன். அவர் பைக்கை உதைத்துக் கிளப்பியிருந்தார்.

"சார், கசக்குது சார்" என்றேன். "நான் தின்னு பாத்தேன். நல்லா கசக்குது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே, மரத்தடியில் நின்ற அப்பாவையும் பெரியப்பாவையும் பார்த்தார். அவர்களுக்கு நான் சொன்னது கேட்கவில்லை, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து, வண்டிச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"உனக்கு வாய்ப்புண்ணு இருக்குது பாப்பா. வாய்ப்புண்ணு இருந்தா எல்லாமே அப்படித்தான் கசக்கும். வேற யாருகிட்டயும் போயிச் சொல்லாத, சிரிப்பாங்க."

அவர் போய்விட்டார். நான் வீட்டுக்குள் போய் அப்பா முகம் மழிக்கிற கண்ணாடியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தேன். மேலே, கீழே, ஓரத்தில், எங்குமே புண் இல்லை. இருந்தும் படித்தவர் சொல்லியிருக்கிறார், கண்ணுக்குத் தெரியாத புண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் கேட்டுக் கொஞ்சம் தேன் வாங்கித் தடவிக்கொண்டு, அது ஆறட்டும் என்று அன்று முழுக்க அதிகம் பேசாமல் இருந்தேன்.